நாகம்மாள் பார்க்கும் கண்றாவி

மாமியார் வாழைப்பழத் தோலில் கால் வைப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். நாகம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“யாருங்க இவனுவோ? அவ இன்னும் காலே வைக்கல, அதுக்குள்ள ஹெஹ்ஹேங்கிறானுவோ. கூலிக்குச் சிரிக்கிறவனா இருந்தாலும் ஒரு நேரங்காலம் வேணாமா?”

அவள் கணவர் பஞ்சநதம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது ரெக்கார்டு பண்ணி வச்ச சிரிப்பு. நீ மோர ஊத்து.”

திரையில் மாமியார் விழுந்தாள். ஒரு முறை விழுந்தது போதாதென்று மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் மத்தளம் போல ஒரு சத்தம். இந்தத் தொடருக்குப் பெயர் ‘ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம்’. ஏழரை மணிக்கு வருகிறது. கணவனுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது; மனைவிக்குப் பிறந்தநாளன்று சொல்லலாம் என்று மறைக்கிறான்; அவன் எதையோ மறைக்கிறான் என்று மட்டும் கண்டுபிடித்த மனைவி, அதை வேறொரு பெண் என்று முடிவு செய்கிறாள். இதை வைத்து மூன்று வாரம் ஓட்டிவிட்டார்கள். எழுதியவர்களுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான் என்றால் பரிதாபப்படலாம். பார்ப்பவர்களுக்கு இவ்வளவு போதும் என்று அவர்கள் நினைப்பதுதான் அவமானம்.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு போயிரும்” என்றாள் நாகம்மாள். “கேக்க மாட்டாளே. மூணு வாரமா மூஞ்சத் தூக்கிவச்சிக்கிட்டுத் திரியுவா, ஒரு வார்த்த கேக்க மாட்டா. இவள எவன்யா மொதல்ல பொண்ணு பாத்தது?”

பஞ்சநதம் இப்போது தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். பிறகு கூடத்தின் நடுவே நின்ற சுவரைப் பார்த்தார். மோருக்காகக் கையை நீட்டினார்.

அந்தச் சுவர் எழுந்து நான்கு வருடமாகிறது. அம்மாபேட்டைக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற அந்த ஊரில் பாகம் பிரித்த வீடுகளில் இப்படிச் சுவர் எழுவது சாதாரணம். பஞ்சநதமும் தம்பி இளஞ்செழியனும் நிலத்தைச் சண்டையில்லாமல்தான் பிரித்தார்கள். வீட்டைப் பிரித்தபோது கூடத்தில் இருந்த ஒரே கிழக்குச் சன்னல் தம்பி பக்கம் போய்விட்டது. காற்று யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. நாகம்மாள் ஒரு வார்த்தை விட்டாள். இளஞ்செழியனின் மனைவி மேகலா பதிலுக்கு, “ஒங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க வரல, எங்க வீட்டுக்கு நீங்களும் வர வேணாம்” என்றாள். அவ்வளவுதான். ஒரு சன்னலுக்காக இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்காக இரண்டு ஆண்கள் நிறுத்தினார்கள். வாய்க்காலில் தண்ணீர் முறை வரும்போது மட்டும் அண்ணன் “வந்துருச்சு” என்பார், தம்பி “ம்” என்பார். சீரியல்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நாகம்மாள் எதையும் சுலபத்தில் நன்று என்று சொல்லாதவள். கல்யாண வீட்டுச் சாம்பாரைச் சுவைத்துவிட்டு அவள் அதிகபட்சமாகச் சொல்வது, “வாயில வைக்கலாம்.” சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷ் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியைப் பார்த்தபோதும், “மூஞ்சியெல்லாம் இம்மாம் பெருசா தெரிஞ்சா பயந்துக்காதா புள்ளைவோ?” என்றுதான் கேட்டாள். ஆனால் ஏழரை மணிக்குச் சிரிப்புத் தொடரையும் எட்டரைக்குக் கொலைத் தொடரையும் அவள் தவறவிட்டதில்லை.

கொலைத் தொடருக்குப் பெயர் ‘வெண்ணாற்றங்கரை வழக்கு’. அந்த ஊர்ப் பக்கத்துக் கதை என்று விளம்பரம் செய்தார்கள். வாராவாரம் வந்தது. ரைஸ்மில் முதலாளி ஒருவர் வயலில் செத்துக் கிடக்கிறார். சென்னையிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறான். நடவு வயலில் இறங்கி ஏறியவனின் பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கொலையாளி இடதுகைக்காரன்” என்கிறான். கூட நிற்கிற போலீஸ்காரர்கள் வியக்கிறார்கள்.

“மண்ண மோந்து பாத்து இடதுகைங்கிறான்! இவன் இன்ஸ்பெக்டரா, எரும மாடா?” என்று அன்று நாகம்மாள் கத்தினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ரெக்கார்டு செய்த சிரிப்பல்ல. மூக்கில் அடக்கி, அடக்க முடியாமல் வெளியே வந்த சிரிப்பு.

நாகம்மாள் அதைக் கேட்காதது போல இருந்தாள். மறுநாளிலிருந்து அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அந்தப் பக்கமும் அதே தொடர்கள்தான் ஓடின. இந்தப் பக்கம் ஊர்க் கேபிள், அந்தப் பக்கம் டிஷ். டிஷ்ஷில் எல்லாம் மூன்று நான்கு நொடி பிந்தி வரும். ஆகவே நாகம்மாளின் வசை முதலில் சுவரைத் தாண்டும். காட்சி பிறகுதான் மேகலாவின் திரைக்கு வரும். மாமியார் விழப்போவது, பெட்டிக்குள் பணத்துக்குப் பதில் செங்கல் இருப்பது எல்லாமே மேகலாவுக்கு ஓரகத்தியின் வாயால்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே, “போச்சு, கணக்குப்புள்ளையும் செத்தான்!” என்று நாகம்மாள் அறிவித்தபோது அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் ‘டங்’கென்று வைக்கப்பட்டது. நாகம்மாளுக்கு அன்று இரண்டு இட்லி கூடுதலாக இறங்கிற்று.

இதைப் பேச்சு என்று இருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேகலா ஒரு வாரம் பட்டுக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வாரம் முழுவதும் நாகம்மாள் வாயைத் திறக்காமல் டிவி பார்த்தாள். இன்ஸ்பெக்டர் வைக்கோல் போருக்குள் இருந்து கைரேகை எடுத்தான். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சநதம் பயந்துபோய், “ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார்.

பட்டுக்கோட்டையிலிருந்து மேகலா திரும்பி வந்தது சம்பந்தம் பேசி முடித்துவிட்டு. அவள் மகள் கவிப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தேங்காய் வியாபாரம். செய்தி நாகம்மாளுக்குச் சுவர் வழியாகத்தான் கிடைத்தது.

கவிப்ரியா பாதி நாள் நாகம்மாள் மடியில் வளர்ந்தவள். தனக்குப் பெண் இல்லாத குறையை நாகம்மாள் யாரிடமும் சொன்னதில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் அந்தப் பெண் இருந்தவரை வரவில்லை. டிவியைப் பார்த்துத் திட்டும் பழக்கமே அந்தப் பெண்ணுக்காக ஆரம்பித்ததுதான். பொம்மைப் படத்து ஓநாயைப் பெரியம்மா திட்டத் திட்டக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சுவர் எழுந்த பிறகு தெருவில் பார்த்தால் “பெரியம்மா” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கடந்துபோவாள்.

“நீ போயி ஒரு வார்த்த பேசேன்” என்றார் பஞ்சநதம். “கூப்புடலன்னா அப்புறம் காலத்துக்கும் கூப்புடாததுதான்.”

“நா எதுக்குப் பேசணும்? வர வேணாம்னு சொன்னவ அவ. தட்டு எடுத்துட்டு வந்து மொறையா கூப்புட்டா போவேன். இல்லாட்டி அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத போட்டோவுல பாத்துக்குறேன்.”

சொல்லிவிட்டு எழுந்துபோய் நன்றாக இருந்த விளக்கைத் துடைத்தாள்.

ஆடி பிறந்ததும் மேலத்தெருவில் பங்காளி வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். சண்டை போட்டுக்கொண்டாலும் பங்காளிக்குத் தீட்டு உண்டு. அண்ணனும் தம்பியும் பாடையின் இரு பக்கம் தோள் கொடுத்தார்கள், முகம் பார்க்கவில்லை. கருமாதி முடியும் வரை பங்காளி வீடுகளில் டிவி போடக் கூடாது. மீறினால் தெரு சும்மா விடாது. அதிலும் ஒரே கூடத்தைப் பிரித்த சுவர் இருக்கும்போது மறைக்கவும் முடியாது. சுவரின் இரண்டு பக்கமும் அடங்கிப்போயின.

‘வெண்ணாற்றங்கரை வழக்கு’ முடிகிற வாரமும் அதுதான். கொலைகாரன் யார் என்று அந்தக் கடைசிப் பகுதியில்தான் சொல்லப்போகிறார்கள். மாட்டு டாக்டர்தான் கொலைகாரன் என்று நாகம்மாள் ஆறு மாதமாகச் சுவருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கண்றாவியப் பாக்காட்டி இப்ப என்ன குடிமுழுவிப் போயிரும்” என்று அன்று காலையில் ஒரு முறை சொன்னாள். மத்தியானம் ஒரு முறை சொன்னாள். சாயங்காலம் மூன்றாம் முறை சொன்னபோது பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நா ஒண்ணும் கேக்கலியே” என்றார்.

எட்டரை மணிக்கு நாகம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள். டிவியைப் போட்டு, ஒலியை அடியோடு நிறுத்தினாள்.

“ஏய்! தீட்டுடி.”

“சத்தம் இல்லாம பாத்தா பாத்த கணக்குல வராது.”

இந்த நியாயத்தை மறுக்கலாம். ஆனால் மறுக்கிறவர்கள் தங்கள் வீட்டு நியாயங்களை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பஞ்சநதம் மறுக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊமையாக ஓடியபோதுதான் அந்தத் தொடரின் தரித்திரம் முழுதாகத் தெரிந்தது. ரைஸ்மில் குடோனில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து இன்ஸ்பெக்டர் வாயை அசைத்தான். விரலை நீட்டினான், நீட்டிய இடத்தில் நின்றவன் அதிர்ந்தான், விரலை வேறு பக்கம் திருப்பினான், அவன் அதிர்ந்தான். மூட்டைகளின் மேல் ஒரு புறா அதிர்ந்தது. கால் மணி நேரம் இதேதான். கடைசியில் விரல், முதல் பகுதியிலிருந்து எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்த ஏட்டின் மேல் நின்றது.

நாகம்மாள் தன்னை மறந்தாள்.

“அடச்சீ! டீ கொண்டார்ற ஏட்டா? இவன் எதுக்குடா கொன்னான் நாசமாப் போறவனே!”

சொன்ன பிறகுதான் குரல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது உறைத்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சநதம் உறைந்து உட்கார்ந்திருந்தார். தீட்டு வீட்டில் டிவி பார்த்தவள் என்று நாளை தெருவெல்லாம் சொல்ல மேகலாவுக்கு இது போதும். கல்யாணத்துக்குக் கூப்பிடாததற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. நாகம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நான்கு நொடி கழிந்தது.

“அடச்சீ!” என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

பிறகு அந்தப் பக்கமும் திடுக்கிட்டு நின்றது போல ஓர் அமைதி. பஞ்சநதத்துக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாகம்மாள் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். தொண்டையைச் செருமினாள்.

“எதுக்குக் கொன்னானாம்?”

பதில் மிக அருகில், சுவரை ஒட்டி வந்தது.

“வரப்புத் தகராறாம்க்கா. நா சத்தத்த ஒரு புள்ளி வச்சி, பக்கத்துல ஒக்காந்து கேட்டேன். அவன் பாட்டன் காலத்துல மொதலாளி வீட்டுக்காரங்க வரப்ப அரையடி நவுத்திட்டாங்களாம்.”

“அரையடிக்கா?”

“அரையடிதான்.”

“த்தூ. இதுக்கு ஆறு மாசம் நம்ம உசுர எடுத்தானுவோ.”

“நீங்க மாட்டு டாக்டர்னு சொன்னீங்க. நானும் அதையே நம்பிக்கிட்டுக் கெடந்தேன்.”

“அவந்தான் கொன்னிருக்கணும். எழுதத் தெரியாத பயலுவோ.”

மேகலா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அக்கா” என்றாள். குரல் மாறியிருந்தது. “கருமாதி முடிஞ்சதும் பாப்பா கல்யாணத்துக்குத் தட்டு எடுக்கணும். மொத தட்டு ஒங்க வாசலுக்குத்தான் வரணும். அன்னிக்கு நா சொன்ன பேச்சுக்கு… வந்தா வாசல்லியே நிக்க வச்சிருவீங்களோன்னு இருந்தேன்.”

நாகம்மாளுக்கு வாய் கோணிற்று. பஞ்சநதத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

“மொதல்ல டிவிய அமத்துடி” என்றாள். “தீட்டு வீடு.”

கருமாதிக்குப் பிறகு மேகலாவும் இளஞ்செழியனும் தட்டோடு வந்தார்கள். பத்திரிகையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. நாகம்மாள் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “பல்லு வலிக்குதா இவனுக்கு?” என்று கேட்டாள். கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு மிக அருகில் நின்றவள் அவள்தான். சாம்பாரைப் பற்றிக் கேட்ட சம்பந்தி வீட்டாரிடம், “வாயில வைக்கலாம்” என்றாள். அது பெரிய பாராட்டு என்று மேகலா அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

இதை வைத்து அந்தத் தொடருக்கு யாரும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அது குப்பை. அதன் இரண்டாம் பாகம் இப்போது வருகிறது, அதுவும் குப்பை. இன்ஸ்பெக்டர் இந்த முறை ஆற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துக் கொலையாளியின் வயதைச் சொல்கிறான். இரண்டு பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சுவர் இருக்கிறது. சன்னல் மேகலா பக்கமே இருக்கிறது. அவரவர் பக்கத்தில் அவரவர் டிவி.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. யாராவது சாகப்போகிறான், பெட்டி திறக்கப்படப்போகிறது என்றால் நாகம்மாள் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். வசை நாக்கு நுனியில் நிற்கிறது. முகம் சிவக்கிறது. அந்தப் பக்கம் மேகலா “ஐயையோ” என்று சொல்லும் வரை அப்படியே இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பிக்கிறாள்.