இருநூற்று நாற்பது கன அடி

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. ஓசூரில் தூறல், மேற்கிலிருந்து காற்று, வாசல் தெர்மாமீட்டரில் 21 டிகிரி. வெல்டிங்காரர் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் இருபது நிமிடம் முன்பே கொல்லைப்புற ஷெட்டின் எதிரில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தேன். வராமல் போய்விடுவாரோ என்று நாலு முறை கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு.

ஷெட் பத்தடிக்கு எட்டடி. முன்சுவர் ஏழடி, பின்சுவர் ஐந்தரை, மேலே ஒரு பக்கமாகச் சரிந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தரை முழுக்க ஸ்கூட்டரும் பழைய மோட்டாரும் தண்ணீர்க் குழாய்ச் சுருள்களும். இடம் வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும்.

இடம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்து அப்போது பதினான்கு மாதம். வீட்டின் பின்னறைக்குத் தனி வாசல், தனிக் குளியலறை உண்டு. அவள் போன பிறகு சாமான்களையெல்லாம் அதில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி, இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை, ஜூலை ஒன்றாம் தேதி குடிவரத் தயாராக இருந்தார்கள். அறை அதற்குள் காலியாக வேண்டும். இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள். பெங்களூரில் இருக்கும் மகனிடம், "இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் வராட்டி வீட்ட வித்துட்டு உன்கூட வந்துடறேன்" என்று சொல்லியிருந்தேன். போனில் பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அவன் அதை நினைவில் வைத்துக்கொண்டான்.

"ஷெட்டுக்கு மாடி கட்டறீங்களாப்பா?" என்றான். "அம்மா பொடவய எல்லாம் யாருக்காச்சும் குடுத்துடலாமே."

"பொடவ மட்டும் இல்லடா. நாப்பத்தி மூணு பெட்டி இருக்கு."

"எண்ணிட்டீங்களா?"

எண்ணாமல் இருப்பேனா? முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டோர்ஸ் வழக்கப்படி ஒரு கார்டு எழுதினேன். என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது, இருப்பு எவ்வளவு. பதினேழாம் எண் பெட்டியில் தையல் மெஷினின் தலை, ஆறு நூல்கண்டு, ஒரு கத்தரி. எல்லாப் பெட்டிகளையும் அளந்து கூட்டியதில் 172 கன அடி.

ஷெட்டை உயர்த்தும் கணக்கை ஒரு தாளில் போட்டேன். முன்சுவரில் இரண்டு வரி ஹாலோ பிளாக் கல், பின்சுவரில் நான்கு வரி. நாலு பக்கமும் எட்டரை அடிக்கு வந்துவிடும். அதன்மேல் இருபுறமும் சரியும் கூரை, நடு உச்சி பத்தரை அடி. ஆறரை அடி உயரத்தில் பரண். பரணுக்கு மேலே ஓரத்தில் இரண்டடி, நடுவில் நான்கடி, சராசரி மூன்று. மொத்தம் 240 கன அடி. பெட்டிகள் போக மீதி 68.

வெல்டிங்காரர் 7.25க்கு வந்தார். கூட அவருடைய மைத்துனர். இருவரும் தங்களுக்குள் தெலுங்கு, போனில் கன்னடம், என்னிடம் தமிழ். என் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு பக்காவா இருக்குது சார். மேல யாரு ஏறுவாங்க?"

"அது என் பாடு."

"இல்ல, கேட்டேன். ஒரு ஃபேன மாட்டிட்டா நீங்களே குடி போயிடலாம், சார். கீழ் வீட்ட மொத்தமா வாடகைக்கு விட்டுடுங்க."

மைத்துனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் காதில் வாங்காததற்கு அந்தக் கேலியும் ஒரு காரணம்.

பதின்மூன்று நாள் ஆயிற்று. அதில் மழையால் நின்றது நான்கு நாள். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி ஷீட்டைத் திருகினார்கள். நீல நிற ஷீட். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மறுநாள் புது ஏணியில் முதல் பெட்டியோடு ஏறினேன். எடை பதினொரு கிலோ. மூன்றாவது படியில் ஒரு கை பெட்டியில், ஒரு கை ஏணியில். பெட்டியைப் பரணுக்குத் தள்ள இரண்டு கையும் வேண்டும். ஏணியை விட முடியாது. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கினேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

ஸ்டோர்ஸில் ஒரு நாளாவது நான் ரேக்கில் ஏறியதில்லை. கீழே ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மேலே ஒருவர் வாங்கி வைப்பார், நான் கார்டு எழுதுவேன். வீட்டில் லைட்டு மாற்ற ஏறினால் அவள் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். கன அடியை எண்ணினேன், கிலோவை எண்ணினேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

மகனைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழம வர்றேன்ப்பா" என்றான். 23ஆம் தேதி ஞாயிறு, காலை எட்டு மணியிலிருந்து கேட்டைத் திறந்தே வைத்திருந்தேன். மதியம் 1.10க்குப் போன் வந்தது. ஆபீஸில் அவசர வேலை. "அடுத்த வாரம் கண்டிப்பா. இல்லாட்டி அந்த சாமான எடைக்குப் போட்டுட்டு இங்க வந்துடுங்களேன்ப்பா. எதுக்கு இந்தப் பாடு?"

29ஆம் தேதி சனிக்கிழமை மாலை அந்தத் தம்பதி அறையைப் பார்க்க வந்தார்கள். நாற்பத்து மூன்று பெட்டிகளும் அறையில்தான் இருந்தன. நான் வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டு, அடுத்த வாரம் காலியாகிவிடும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தப் பையன் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தான். "என்னய்யா, இம்புட்டுப் பெட்டி? இத எங்க வைக்கணும்?"

ஷெட்டைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். "நான் ஏறுதேன். பிள்ள, நீ கீழ நின்னு எடுத்துக் குடு. ஐயா, நீங்க நம்பர மட்டும் சொல்லுங்க."

"ஏறுவிய, எறங்கத் தெரியுமா?" என்றாள் அவன் மனைவி. "போன தடவ தென்னையில ஏறிட்டு எங்க அண்ணனக் கூப்பிட்டதக் கண்டோம்லா."

ஒரு மணி ஐம்பது நிமிடம். நான் எண்ணைச் சொன்னேன், அவள் கொடுத்தாள், அவன் வாங்கி வைத்தான். பதினேழாம் எண்ணை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "பதினேழா, இருபத்தேழா?" என்று அவன் மேலேயிருந்து கேட்டான்.

ஜூலை ஒன்றாம் தேதி குடிவந்தார்கள். மகனிடம் சொன்னேன். "சரிப்பா" என்றான்.

வீட்டில் இப்போது ஆள் இருக்கிறது. குக்கர் விசில் கேட்கிறது, பெரும்பாலும் மூன்று. ஆனால் குடிவந்த சில மாதத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. அவன் இரவு வேலை முடித்துக் காலை 6.45க்கு வந்து தூங்குகிறான். அவள் மதியம் 1.15க்குக் கிளம்பினால் இரவு 10.45 ஆகிறது. இருவரும் விழித்திருந்து ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

டிசம்பரில் குளிர் 13 டிகிரிக்கு இறங்கியபோது ஸ்வெட்டரைத் தேடினேன். கார்டுகளைப் புரட்டினேன். முப்பத்தொன்றாம் எண் பெட்டியில், மனைவியின் கம்பளிச் சால்வைக்கு அடியில், என்னுடைய ஸ்வெட்டர் ஒன்று. என் கையெழுத்துதான். பெட்டியை இறக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசல் வரை போனேன். முதல் ஞாயிறு உள்ளே சிரிப்புச் சத்தம். இரண்டாவது ஞாயிறு கதவு சாத்தியிருந்தது. மூன்றாவது ஞாயிறு திறந்துதான் இருந்தது. அந்தப் பெண்ணே பார்த்துவிட்டு, "என்னய்யா, ஏதும் வேணுமா?" என்றாள். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புது ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன், 480 ரூபாய். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துவிட்டு, ஷெட் கணக்கிலேயே எழுதினேன். பிளாக், பைப், ஷீட், பலகை, கூலி, ஏணி, டீ, ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து 54,350 ரூபாய்.