காறச் சொன்னது என் தப்பு

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என் மாமனார். இப்போது பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்களோடு இருக்கிறார். வருஷம் முழுக்க இருமுகிறவர் என்பதால், போன மாதம் காய்ச்சலோடு மூச்சு வாங்கியபோதும் சுரங்கத் தூசிதான் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்த பிறகு, நர்ஸ் ஒரு டப்பாவைக் கொடுத்து யூரின் கேட்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"நெஞ்சு சளிக்கு எதுக்கு மாமா யூரின்? ஆள் மாத்திக் கொடுத்துட்டாங்க" என்றேன்.

"மைன்ஸ் ஆஸ்பத்திரில எப்பவும் சளிதாம்மா எடுப்பாங்க" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

டப்பாவை வாயருகே பிடித்து, "நல்லா காறுங்க மாமா" என்று அவசரப்படுத்தினேன். சளி வரவில்லை. இருமி இருமி உதடு நீலமாகிவிட்டது. என் அலறல் கேட்டு, "ஏனம்மா மாடித்ரி?" என்று, என்ன செய்தீர்கள் எனக் கன்னடத்தில் அதட்டியபடி ஓடிவந்த நர்ஸ் ஆக்சிஜன் வைத்தார்.

"அவருக்குச் சளி வரலேன்னுதாம்மா யூரின் கேட்டேன். நிமோனியா கிருமியோட தடயம் அதுல இறங்கும்" என்றார் டாக்டர்.

சிறுநீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் சோதனைப் பட்டையில் கோடு விழுந்தது. நிமோனியாதான். அதற்கான மருந்து ஏற, ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

இப்போதெல்லாம் எந்த டப்பாவைக் கொடுத்தாலும், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். நான் மறந்தாலும் மாமா விடுவதில்லை.

"மொதல்ல டாக்டர கேளும்மா. அப்புறம் என்னைக் காறச் சொல்லு."