ஏனுங்க என்றாள் என் கொழுந்தன் மனைவி

என் கொழுந்தன் மனைவிக்கு மைக் பிடித்துப் பேசத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புதுச் சேலை கட்டியிருந்தால் நானும் ஒன்று எடுத்துக் கட்டியிருப்பேன். பேச்சுக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது நான்தான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவளோ, மாமியார் “சாப்டியா” என்று கேட்டாலே தலையை மட்டும் ஆட்டுகிறவள்.

தாடிக்கொம்புக்கு வடக்கே எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். பாகம் பிரித்ததில் ரோட்டோரத் துண்டு எங்கள் பங்குக்கு வந்தது. கிணற்றடித் துண்டு கொழுந்தனுக்குப் போனது. வீடு மட்டும் இன்னும் ஒன்றுதான். ஒரே அடுப்படியில் அவளும் நானும் முட்டி மோதிக்கொண்டு கிடந்தோம். ரோட்டோரத் துண்டில் தனியாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

அந்தத் துண்டு வழியாகத்தான் எரிவாயுக் குழாய் போகப்போகிறது என்று அளந்து, கல் நட்டுவிட்டுப் போனார்கள். பின்னாலேயே ஒரு சங்கம் முளைத்தது. குழாய் வேண்டும் என்று ஊர்ப் பெண்களே கூடி ஆரம்பித்த சங்கமாம். எந்த ஊர்ப் பெண்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு ஆள் சேர்க்க, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். முதலில் என்னிடம்தான் வந்தார். “குழாய் மேல வீடு கட்டலாமா, கூடாதா?” என்று கேட்டேன். “பூச்செடி தாராளமா வைக்கலாம்மா” என்றார். “நான் செடியக் கேக்கல, வீட்டக் கேட்டேன்” என்றேன். சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பி, அவளைப் பார்த்தார். “உங்க முகத்துல ஒரு வெள்ளந்தி இருக்கும்மா, நீங்கதான் தலைவி” என்று சொல்லிவிட்டார்.

வெள்ளந்தியாம்! நான் கேள்வி கேட்ட பாவத்துக்கு அவளுக்குப் பதவி.

அதற்குப் பிறகு அடிக்கடி வீட்டு வாசலில் சங்கத்துக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட, இவள் சங்கத்தில் கொடுத்த பச்சைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறுவாள். பூப் பறிக்கும்போதுகூடக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். “என்னடி, மந்திரமா?” என்று கேட்டால், “மீட்டிங்ல பேசணும்க்கா” என்பாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் என்னிடமே, “உங்க வீட்டுத் தலைவிம்மா வரலையா?” என்று விசாரித்தார். என் வீட்டுக்காரரும் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “புள்ள நல்லாத்தான் பேசுது” என்றார். மறுநாள் குழம்பில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தாடிக்கொம்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் அதிகாரிகள். கீழே, யார் யாரென்றே தெரியாத பெண்கள் வரிசை வரிசையாகப் பச்சைச் சேலையில். எங்கள் ஊர் ஆட்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிட்டதும் இவள் நிமிர்ந்து நடந்துபோய் மைக்கைப் பிடித்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

“ஏனுங்க ஆபீசருங்களே, நாங்க தக்காளிக் காட்டுக்காரிங்க. எங்கூர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் கேக்கறமுங்க. குழாய் வரட்டுமுங்க!”

அடி ஆத்தீ! மேடை ஏறியதும் இவளுக்குப் பேச்சே மாறிவிட்டதே, பவுசு காட்டுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு அது. இவளோ பிறந்தது செம்பட்டி, வாக்கப்பட்டது இங்கே. ‘ஏனுங்க’ இவள் வாயில் எப்படி வந்தது? அதுபோகட்டும், எங்களுக்கு ஏது தக்காளி?

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கையைத் தூக்கினேன்.

“நிறுத்துடி! ஏனுங்கவாம்ல, ஏனுங்க! மல்லியப்பூப் பறிக்கிறவளுக்கு ஏதுடி தக்காளிக் காடு? யாருடி இதச் சொல்லிக் குடுத்தா?”

மண்டபமே சிரித்தது. அவள் மைக்கை விடாமலே திருதிருவென்று விழித்தாள். பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

“தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு அக்கா பேசுனத போன்ல அனுப்புனாகக்கா. அப்புடியே பேசுன்னாக. எனக்குத் தக்காளிய மாத்தணும்னு தோணல. காரு, சேலை எல்லாமே கேஸ் கம்பெனி செலவுதான, அவுக சொன்னபடி...”

மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு எதற்கு மைக்? “ரோட்டோரத் துண்டு என்னோடது! எனக்குச் சம்மதம் இல்ல!” என்று கத்தினேன். கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். திரும்பும்போது அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரே அன்றைக்கு என் பேச்சைத்தான் பேசியது. வீடு தப்பித்தது என்று மனசுக்குள் நிலைவாசல்கூட வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர், “கடைசில நீங்களும் சம்மதிச்சிட்டீங்க போல?” என்றார். எனக்குப் புரியவில்லை. பூவை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து பார்த்தால், எங்கள் நிலத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெரிய பிளெக்ஸ் போர்டு. முழுக்க நான். அன்றைக்கு மண்டபத்தில் எடுத்த படம். கையைத் தூக்கி, வாயைத் திறந்து, ஆவேசமாக நிற்கிறேன். கீழே கொட்டை எழுத்தில்: ‘எங்கள் மண்ணுக்குக் குழாய் வேண்டும். இது ஊர்ப் பெண்களின் குரல்!’

பஸ்ஸில் போகிற எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் ஓடிப்போய் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியுமா?

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். போர்டை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

“இம்புட்டு நாளா அவுக பின்னால அலைஞ்சவ நானு” என்றாள். “படம் மட்டும் ஒன்னோடதப் போட்டிருக்காகளேக்கா.”