அம்மா சிப்பி போட்ட முற்றம்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் எங்கள் அம்மா அவர்கள் கையில் உழவாரத்துடன் நிற்பது அச்சகத்தாரின் பிழையல்ல. அதை வெட்டிவிட்டுப் பின்னால் ஒரு பூந்தோட்டம் போட்டுத் தரலாமா என்று அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். உழவாரம் இல்லாத அம்மாவை எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அம்மாவின் பொறுமை, தருமம், விருந்தோம்பல் ஆகியவற்றைப் பற்றி எழுதும்படி மூத்த மகளாகிய என்னிடம் உறவினர்கள் சொன்னார்கள். தருமம் இருந்தது. பொறுமை மண்ணோடு மட்டும்தான் இருந்தது, எங்களோடு இருக்கவில்லை. ஆகவே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கு, புல்லைச் சுரண்டிச் செருக்கும் அந்தச் சிறிய தட்டை இரும்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அம்மா மயிலிட்டியில், இப்போது நாங்கள் இருக்கும் இதே காணியில் பிறந்தார். பிறந்த வீடும் கடற்றொழில், புகுந்த வீடும் கடற்றொழில். தோட்டம் என்பது அவருக்குச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெரிந்த சங்கதி. போர் எங்களை ஊரைவிட்டு எழுப்பியபோது நான் சிறுமி, தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். சாவகச்சேரியில் ஒருவருடைய வளவின் மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். அங்கேதான் எங்களைப் பெற்ற ஐயா காய்ச்சலில் காலமானார். அதன்பின் அம்மா வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். மண்வெட்டியைத் துடுப்பு மாதிரிப் பிடிக்கிறா என்று கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பில் வந்த ரோசம்தான் பிற்காலத்தில் அம்மாவை அப்படி ஆக்கியது என்பது என்னுடைய கணிப்பு.

எப்படி ஆக்கியது என்றால், சந்தையில் இரும்புச் சாமான் விற்பவர் அம்மாவைத் தூரத்தில் கண்டதும் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார். மீன் வாங்குபவர் செவுளைத் திறந்து பார்ப்பது போல அம்மா ஒவ்வோர் உழவாரத்தின் பூணையும் நகத்தால் நெம்பிப் பார்ப்பார். பிடி மரத்தில் இருக்கவேண்டும், இரும்புப் பிடி வெயிலில் கையைச் சுடும். பிடித்தால் பெருவிரல் மற்ற விரல்களைத் தொடவேண்டும், தொடாவிட்டால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பளபளப்பைப் பார்த்து ஒருநாளும் வாங்கமாட்டார். குந்தியிருந்து, கடை வாசலில் கிடக்கும் மண்ணையே நாலு தரம் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று திருப்பிக் கொடுப்பார். கூடப் போன எனக்கு வெட்கத்தில் தலை நிமிராது.

பல காலத்துக்குப் பிறகு எங்கள் காணி எங்களிடம் திரும்பி வந்தது. கூரையில்லாத சுவர்களும் ஒரு கிணறும் ஆள் உயரப் பற்றையும்தான் மிச்சம். கண்ணிவெடி அகற்றி நிலத்தைச் சோதித்து ஒப்படைத்தவர்கள் ஒழுங்காகவே வேலை செய்திருந்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டோம், ஆனாலும் ஏதாவது தப்பியிருக்கக்கூடும், கண்டால் தொடாமல் அறிவியுங்கள் என்றார்கள். நாங்கள் எல்லோரும் முதற்பாதியைக் கேட்டோம். அம்மா இரண்டாம் பாதியைக் கேட்டார்.

சுவர்களுக்கு மேலே தகரம் போட்டு அம்மாவும் நானும் குடிவந்தோம். அம்மா மண்வெட்டி, பிக்கான், கல் உடைக்கும் பாரக்கம்பியான அலவாங்கு மூன்றையும் புதிதாகப் போட்ட கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, உழவாரத்தையும் ஒரு கைக்கரண்டியையும் மட்டும் வெளியே எடுத்தார். இவ்வளவு காணியையும் இதனாலா துப்புரவாக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பாரமான சாமான் விழத் தொடங்கினா நடுவிலை நிப்பாட்டேலாது. நிப்பாட்டக்கூடியதைத்தான் நான் எடுப்பன்" என்றார்.

தம்பி கொழும்புத்துறையில் திருமணம் செய்து அங்கேயே கடலில் களங்கண்ணி வலை கட்டித் தொழில் செய்தவன். ஊர்க் காணி கிடைத்ததும் இங்கேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. அம்மா அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்றால் மிகையில்லை. மாரி தொடங்குமுன் வேலிக்குக் கதியால் தடிகள் நடவேண்டும் என்று தம்பி மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினான். கொட்டிலைத் திறந்து அலவாங்கை எடுத்தான். அம்மா வேண்டாம் என்றார். உழவாரத்தால் வேலி அடைக்க முடியுமா என்று சிரித்தான். களங்கண்ணிக்குத் தடி ஊன்றிப் பழகியவன் அவன், சேற்றில் ஓங்கிக் குத்துவதுதான் அவன் கைக்குத் தெரியும். மயிலிட்டி மண்ணிலோ கொஞ்சம் இறங்கினால் கல் வந்துவிடும். கல் தட்டினால் இன்னும் ஓங்கிக் குத்தி உடைப்பதுதான் இங்கே வழக்கம். தெற்கு வேலியில் ஒவ்வொரு குழியிலும் அப்படித்தான் செய்துகொண்டு போனான். அம்மா ஒவ்வொரு குத்தின் சத்தத்தையும் கேட்டபடி பின்னாலேயே நடந்தார்.

பின்மூலைக்குக் கிட்ட அலவாங்கு இறங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. எனக்கும் தம்பியின் மனைவியான மச்சாளுக்கும் அது முந்திய சத்தங்களைப் போலத்தான் கேட்டது. தம்பி இரண்டாவது குத்துக்கு அலவாங்கைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான்.

"நில்லு மோனை. அது கல்லில்லை."

அம்மா கத்தவில்லை. அலவாங்கு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. தம்பியால் அதை நிறுத்த முடியவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பி அதைப் பக்கத்தில் எறிந்தான், அது வேலியோரம் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தவனை அம்மா தடுத்து, வந்த அடியிலேயே காலை வைத்துத் திரும்பி வரச் சொன்னார். அவன் வந்து சேரும்வரை கிணற்றடியில் குழந்தையோடு நின்ற மச்சாள் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எல்லோரும் ஒழுங்கைக்கு வந்து நின்றோம். அறிவித்தோம். வந்தவர்கள் கையால் மண்ணை நீக்கி வெடிக்காமல் கிடந்த ஒரு பழைய எறிகணையை எடுத்தார்கள். அதன் உடம்பில் அலவாங்கு கீறிய புதுக் கோடு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது குத்து விழாதது நல்லது என்று மட்டும் அவர்களில் ஒருவர் சொன்னார்.

மச்சாள் அன்று வேலி வாசல் படலையடியில் நின்று அம்மாவிடம் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். அவரும் அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

"மாமி, உங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனா இந்தக் காணியிலை என்ரை பிள்ளையின்ரை கால் படாது."

அடுத்த நாள் விடிந்ததும் அம்மா உழவாரத்தோடு படலையடியில் போய்க் குந்தி மண்ணைச் சுரண்டத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பின் வந்த வருடங்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சுர், சுர் என்று உழவாரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்குக் குசினியில் சமையல் வேலை ஓடும். சத்தம் நின்றால் என் கையும் நிற்கும். அம்மா பொட்டுப் பொட்டாகச் சுரண்டுவார், பிறகு கைக்கரண்டியால் அள்ளுவார், முழங்கை ஆழத்தில் கல் வந்ததும் விடுவார். இரும்பு தட்டுப்பட்டால் மெல்ல எழுந்து வந்து, கடலில் வலை கிடக்கும் இடத்துக்குக் கொடி நாட்டுவது போல ஒரு தடியில் சிவப்புத் துணியைக் கட்டி நாட்டிவிட்டு அறிவிப்பார். பெரும்பாலும் பழைய மீன் டப்பா ரின்னும் ஓட்டு ஆணியும்தான். இரண்டு தடவை அப்படியல்ல. இனி நீங்கள் கிண்டக்கூடாது என்று வந்தவர்கள் கண்டித்துச் சொன்னார்கள். அம்மா ஓம் என்றார், தேநீர் கொடுத்தார், அவர்கள் ஒழுங்கை திரும்பியதும் உழவாரத்தை எடுத்தார். நான் அழுதேன், சண்டை பிடித்தேன், உழவாரத்தை ஒளித்தும் வைத்தேன். பலிக்கவில்லை. எனக்கு அவரில் கோபம் இருந்தது. இன்றும் இருக்கிறது. இதைப் படிக்கும் ஒருவரும் அம்மா செய்ததைச் செய்யவேண்டாம்.

பார்த்து முடித்த குழியை மூடும்போது அடியில் ஒரு பிடி சிப்பி போடுவது அம்மாவின் வழக்கம். பின்னேரங்களில் கடற்கரையில் வாளியோடு பொறுக்குவார். சுண்ணாம்புச் சூளை போடப்போகிறீர்களா என்று கேலி செய்தேன். வேலை முடிந்த இடம் மறந்துபோகாமலிருக்க அடையாளம் என்றார். படலையிலிருந்து வாசல்வரை சிப்பி போட்டார். வாசலிலிருந்து கிணற்றடிவரை போட்டார். பிறகு முன்முற்றம் முழுவதும். தம்பி கிழமைக்கொரு தரம் கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவருவான். தானும் உள்ளே போவதில்லை என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் படலைக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போய்விடுவான். சிப்பி பற்றி அம்மா அவனிடம் சொல்லவில்லை, உள்ளே வா என்று கேட்கவும் இல்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

"கேட்டு வரக்கூடாது. பயமில்லாமல் வரோணும். என்ரை பேத்தி இந்த முற்றத்திலை ஓடுறதைப் பாத்தாப் போதும்."

கடைசி மாதங்களில் இதயம் பலவீனமாகிவிட்டது. பின்மூலை முடியவில்லை என்பதுதான் அவருடைய கவலை. ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோதெல்லாம், உப்புக் காற்றில் உழவாரம் துருப்பிடிக்கும், எண்ணெய் கலந்த மணல் ரின்னுக்குள் குத்தி வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். அதிகம் துன்பப்படாமல், ஒரு காலைப்பொழுதில் போய்விட்டார். பேத்தி ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தம்பி எதையும் யோசிக்காமல் உள்ளே ஓடிவந்துவிட்டான். மச்சாளும் பிள்ளையும் படலைக்கு வெளியே நின்றார்கள். பந்தற்கால் நடவேண்டும், மழை இருட்டிக்கொண்டு வந்தது. உறவினர் ஒருவர் தம்பியின் கையில் அலவாங்கைக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். பிறகு மெல்ல நிலத்தில் கிடத்திவிட்டு, மணல் ரின்னிலிருந்து அம்மாவின் உழவாரத்தை உருவி எடுத்து முற்றத்தில் குந்தினான். மழை வருகுது, கெதியாய்ப் பாருங்கோ என்று யாரோ சொன்னார்கள். அவன் நிமிரவில்லை. சுர், சுர் என்ற சத்தத்தைக் கேட்டு நான் அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். சத்தம் நின்றது. பந்தல் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

குழியின் அடியில் வெள்ளையாகச் சிப்பிகள் கிடந்தன. தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அது அம்மா போட்டது. இந்த முற்றம் முழுக்கப் போட்டிருக்கிறா. நீங்கள் வருவியள் எண்டு" என்றேன்.

அவன் அடுத்த காலுக்கும் சுரண்டினான், அதற்கடுத்ததற்கும். எல்லாவற்றிலும் சிப்பி இருந்தது. நாலாவதில் அவனால் முடியவில்லை, உழவாரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அதைக் கண்ட பிள்ளை தாயின் கையை உதறிவிட்டுப் படலைக்குள்ளால் முற்றத்தைக் குறுக்கறுத்துத் தகப்பனிடம் ஓடினாள். மச்சாள் வாய் திறந்தார். ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்து, செருப்பைப் படலையடியில் கழற்றி வைத்துவிட்டு அவரும் உள்ளே வந்தார்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் கவனித்தவர்களுக்கும், செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், மழைக்குள் பந்தல் போட்டு அவசரப்படுத்தாமல் காத்து நின்றவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், அம்மா கூப்பிட்டபோதெல்லாம் மீன் ரின்னுக்காகவும் முகம் சுளிக்காமல் வந்து போனவர்களுக்கும், அம்மாவைச் சகித்த சந்தைக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்மூலையைப் பார்த்துத் தரும்படி தம்பி உரியவர்களுக்கு அறிவித்திருக்கிறான். அவர்கள் முடித்த பிறகு போடுவதற்காக ஒரு வாளி சிப்பி கிணற்றடியில் வைத்திருக்கிறான்.

இன்று வீட்டுக்கு வந்திருப்பவர்கள் முற்றத்தில் எங்கும் தாராளமாக நடக்கலாம், பிள்ளைகளை ஓட விடலாம். சிவப்புத் துணி கட்டிய தடிகளுக்கு அப்பால் மட்டும் தயவுசெய்து போகவேண்டாம். அங்கே அம்மா இன்னும் சிப்பி போடவில்லை.