மூன்று காலி சீட்டு

எங்கள் மலையூர் நெல்லிவாசல்நாட்டில் ஓடும் ஜீப் ஒரு சீட்டு காலியாக இருந்தாலும் நகராது. வழியில் நிற்பவரை ஏற்றாமல் போனால் ஊரே ஏசும்.

போன வருஷம் சிறுதானியச் சந்தையில் கடை போட, இரண்டு மூட்டை சாமையோடு முதல்முறையாகச் சென்னை போனேன். கோயம்பேட்டில் இறங்கி, என் மகள் போனில் புக் செய்து தந்த காரில் ஏறினேன். மூட்டைகள் டிக்கியில், மூன்று சீட்டு காலி. பஸ் ஸ்டாப்பில் மூன்று பேர் மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். விசாரித்தேன், எங்கள் வழிதான்.

"ஏறுங்க, இடம் இருக்குது" என்று கதவைத் திறந்தேன். ஏறிவிட்டார்கள்.

"இன்னாக்கா, இது இன்னா ஷேர் ஆட்டோவா?" என்று டிரைவர் கத்தினார்.

"மழையில ஆளுங்கள நிக்க விட்டு காலி வண்டிய ஓட்டிக்கினு போறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லியா?" என்று நானும் கத்தினேன்.

சந்தை நடக்கும் மண்டபத்துக்கு வாசல் தெரியாமல் டிரைவர் இரண்டு சுற்று சுற்றினார். ஏறிய மூவரில் இருந்த ஒரு அம்மாதான் வழி சொன்னார். மற்ற இருவரும் மூட்டைகளை மாடிக்குத் தூக்கித் தந்தார்கள். மதியத்துக்குள் சாமை மொத்தமும் விற்றுத் தீர்ந்தது.

சாயங்காலமும் அந்த டிரைவரையே வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை. வந்தார். பின்சீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அவரைப் பார்த்தேன்.

"இடம் இருந்துச்சுக்கா" என்றார்.