பாடமாக்கிய நிரல்

கடற்கரையோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அன்று நான் போனது, ஒரு ரீச்சரின் வகுப்பைப் பார்த்துப் புள்ளி போடுவதற்காக. இருபது வருடம் மனையியல் படிப்பித்தவர் அவர். கணினி படிப்பிக்க ஆளில்லை என்று அதிபர் அவரை எங்கள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். பயிற்சியை நடத்தியவன் நான். நானே கணிதக்காரன்தான், ஒரு குறுங்காலப் படிப்பு முடித்த கையோடு கணினிப் பாட ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தப் பூ நான்தான்.

நான் கையெழுத்து வைத்தால் ரீச்சர் பத்தாம் வகுப்புக்குக் கணினி ஆசிரியர். வைக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடமே இல்லை.

ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டும் கணினி நிரலை ரீச்சர் கொப்பியைப் பாராமல் பலகையில் எழுதினார். முத்து முத்தான எழுத்து. ஒரு பிழை இல்லை. பிறகு, "எல்லாரும் சொல்லுங்கோ" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று, காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுவதுபோல ஒரே குரலில் வரி வரியாக ஒப்பித்தார்கள். "விடை ஐம்பத்தைந்து" என்பதையும் சேர்த்தே ஒப்பித்தார்கள். வேலை செய்யும் மூன்று கணினிகள் பின்னால் துணி போர்த்தபடி இருந்தன.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், பத்துக்குப் பதிலா இருபது எண்டு போட்டால் என்ன வரும்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடம் அங்கேதானே தொடங்குகிறது! ரீச்சரின் முகம் வெளிறிப்போனது.

"அது உங்கடை பாடத்திலை இல்லை, பிள்ளை."

"கொம்பியூட்டரிலை போட்டுப் பாப்பமோ, ரீச்சர்?"

"தொடக்கூடாது. பழுதாப் போயிடும். இரும்."

பிள்ளை இருந்துவிட்டாள். எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. ஆனால் யாரைக் கோபிக்க? அவை என்னுடைய வார்த்தைகள். மின்வெட்டுக் காலத்தில் சனிக்கிழமைகளில்தான் அந்தப் பயிற்சி நடந்தது. வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விடும். பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் நிரல்களை நான் சொல்லச் சொல்ல ஆசிரியர்கள் எழுதினார்கள். "கேள்வி கேட்டுக்கொண்டு நிக்காமல் பாடமாக்குங்கோ, சோதினைக்கு அது போதும்" என்றேன். கரண்ட் இருந்த நாட்களிலும், பழுதானால் திருத்த ஆளில்லை என்று பயந்து கணினிகளைத் தொட விடவில்லை. மின்சாரத்தைக் குறை சொல்லலாம்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போனதும் ரீச்சர் என் முன்னால் வந்து இருந்தார்.

"சேர், உது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மூண்டு கொப்பி முடிய எழுதி எழுதிப் பாடமாக்கினனான். மனையியலிலை பிள்ளையள் என்ன கேட்டாலும் சொல்லுவன். இண்டைக்கு அந்தப் பிள்ளையை வாயை மூடி இருத்திப்போட்டன். வெக்கமாக் கிடக்கு. என்னைப் பெயில் ஆக்கிவிடுங்கோ. ஆரேன் தெரிஞ்ச ஆக்கள் வரட்டும்."

"ஆர் வருவினம், ரீச்சர்?"

தெரிந்தவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் வந்து முதலிலை இருந்து சொல்லித்தாறன்" என்றேன்.

"எப்ப சேர்?"

மயிலிட்டியிலிருந்து தொண்டைமானாறு வரைக்கும் கரை நெடுக எத்தனையோ பள்ளிக்கூடங்கள். ஆலோசகர் என்று நான் ஒருவன். நாட்குறிப்பைப் புரட்டினேன், ஒரு நாளும் வெறுமையாக இல்லை. படிவத்தை இழுத்துத் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவ்வளவு கேவலமாக அந்தச் சொல்லை நான் முன்பு எழுதியதில்லை.

ரீச்சர் தாளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கும் அந்தப் பிள்ளை கேக்கும், சேர். நான் என்ன சொல்லுறது?"

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.