பவுனு வண்டி ஏறிய நாள்

அன்று காலை தொழுவத்தின் தரை சுத்தமாக இருந்தது. காளீஸ்வரிக்கு முதலில் தப்பாகப் பட்டது அதுதான்.

இரண்டு வருடமாக, விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியும் கூடையுமாக வந்து, ராத்திரி குதிரை பவுனு போட்டு வைத்த லத்தியை அள்ளிவிட்டுத்தான் அவளுக்கு மற்ற வேலை. ஆறேழு குவியலாவது கிடக்கும். அன்று ஒன்றுகூட இல்லை. முந்தின சாயந்திரம் போட்ட புல் அப்படியே கிடந்தது. பவுனு சுவரோரமாக நின்று கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. மேலுதட்டைச் சுருட்டியது. பிறகு முழங்காலை மடக்கிப் படுக்கப் போனது.

"ஏ, படுக்காத. எந்திரி, எந்திரி" என்று ஓடிப்போய்த் தலைக்கயிற்றைப் பிடித்தாள். கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேர்க்கிற காலையே இல்லை அது.

குதிரைக்கு வயிற்றுவலி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். மாடு அசைபோட்டுச் சரிசெய்துகொள்ளும். குதிரையால் வாந்திகூட எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டாலோ, வலி தாங்காமல் புரண்டு குடல் முறுக்கிக்கொண்டாலோ, ஒரே நாளில் கதை முடிந்துவிடும்.

தொழுவத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து நடத்த ஆரம்பித்தாள். நடந்துகொண்டே ஒரு கையால் போனை எடுத்துத் தென்காசி மாட்டாஸ்பத்திரி டாக்டர் விஜயசங்கரைக் கூப்பிட்டாள்.

காளீஸ்வரி தென்காசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயது முப்பத்தெட்டு. வீடு இலஞ்சியில், வாய்க்காலையொட்டி. பிறந்த வீட்டில் வயலும் மாடும் உண்டு, குதிரை கிடையாது. குற்றாலத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் விருந்தாளிகள் ஏறிச் சுற்றுவதற்கென்று பவுனை வைத்திருந்தார்கள். விடுதியை மூடியபோது அதை யாரும் கேட்டு வரவில்லை. அங்கே மேனேஜராக இருந்தவர் இவளிடம் கார் ஓட்டக் கற்றவர். "நீங்க கொண்டு போறியளா மேடம்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். இவள் போய்ப் பார்த்தாள். எலும்பு துருத்திக்கொண்டு, சேணம் அழுத்தி அழுத்தி விலாவில் புண்ணோடு ஒரு செவலைக் குதிரை மழையில் நின்றுகொண்டிருந்தது. இவள் கிட்டே போனதும் காதைப் பின்னால் மடக்கியது. அன்று சாயந்திரமே அதை வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்துவிட்டாள்.

அதன்பிறகு பட்டதெல்லாம் ஊருக்குத் தெரியும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யப் பதினோரு நாள் பிடித்தது. பதினோராம் நாள் பின்னங்காலை அவள் கையில் கொடுத்துவிட்டு அது பேசாமல் நின்றபோது, அந்தச் சந்தோஷத்தில் அவள் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏறிப் பழகும்போது மூன்று தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை காறை எலும்பு முறிந்துவிட்டது. விடுதியில் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரவி என்பவன் கொல்லத்துக்குப் போய்விட்டான். அவன் போனில் சொல்லச் சொல்லத்தான் பாதி வித்தையைக் கற்றாள். "கயிற இழுக்காதீங்கக்கா. நீங்க பயந்தா அதுக்குத் தெரியும்" என்பான். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. குதிரையில் அப்படி ஒன்றும் இல்லை என்பது குளத்துக்கரையில் முதல்முறை அது பாய்ச்சலெடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அருவி சீசன் நேரத்து வேன்களின் ஹாரனுக்கு மிரளாமல் அதை ரோட்டோரம் நடக்கவைக்க எட்டு மாதம் ஆனது.

புருஷன் பாண்டிராஜ் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துப் புளியரை வழியாகக் கேரளாவுக்கு வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிப் போகிறவன். குதிரை வந்த முதல் வாரமே அவன் தோளைக் கடித்துவிட்டது. "மாடுன்னா பாலாவது கறக்கும். இத வச்சி என்னட்டி செய்யப் போற?" என்று கேட்டதோடு சரி. அதற்கப்புறம் தொழுவத்துப் பக்கம் அவன் தலையை அவள் பார்த்ததில்லை.

டாக்டர் வருவதற்குள் குற்றாலிங்கம் அண்ணாச்சி வந்துவிட்டார். நாலு வீடு தள்ளி இருக்கிறவர். அந்தத் தெருவில் எந்த மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையில் மூங்கில் குழாயும் விளக்கெண்ணெய் பாட்டிலும் இருந்தன.

"தலையத் தூக்கிப் பிடி, தாயி. ரெண்டு குழா ஊத்துனா அரமணி நேரத்துல போட்டுரும்."

"வேண்டாம் அண்ணாச்சி. குதிரைக்கு வாய் வழியா ஊத்தக் கூடாது. நுரையீரலுக்குப் போயிரும்."

"நா எத்தன மாட்டுக்கு ஊத்தியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். இது மாடு இல்ல அண்ணாச்சி."

அவர் முகம் சுருங்கியது. அவரிடம் அந்தத் தெருவில் யாரும் அப்படிப் பேசியதில்லை. "சரி. செத்தா என்னையச் சொல்லாத" என்று பாட்டிலை மூடினார். ஆனால் போகவில்லை. முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டார்.

டாக்டர் விஜயசங்கர் ஏழு மணிக்கு பைக்கில் வந்தார். கல்லூரியில் படித்தபோது குதிரையைத் தொட்டதோடு சரி என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அந்த நேர்மை அவளுக்குக் கொஞ்சம் தைரியத்தைக் கொடுத்தது, கொஞ்சம் பயத்தையும். தாடைக்கடியில் விரல் வைத்து வாட்சைப் பார்த்தார். ஈறை அழுத்திப் பார்த்தார். இரண்டு விலாவிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வயித்துக்குள்ள இடி உருளுத மாதிரி சத்தம் இருக்கணும். ஒண்ணுமே கேக்கல. துடிப்பு நாப்பதுக்குள்ள இருக்கணும். அம்பத்தாறு இருக்கு. என்ன சாப்பிட்டுச்சு?"

"எப்பவும் போல கொள்ளு, தவிடு, புல்லு. வேற ஒண்ணும் இல்ல சார்."

"நேத்து உங்க தெருவுல கோயில் கொடை விழாவாமே. யாராவது சோறு கீறு போட்டாங்களா?"

"போட மாட்டாங்க சார். எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

குழாயடியில் நின்றுகொண்டிருந்த பாண்டிராஜ் இவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஏற்கெனவே நிறைந்து வழிந்த வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயை மூடினான்.

"நாந்தான் சார் போட்டேன்" என்றான்.

காளீஸ்வரி நின்றுவிட்டாள். குதிரையும் நின்றது.

"நேத்து மத்தியானம் சோறு மிஞ்சிட்டு. சக்கரப் பொங்கலும் இருந்துது. ஒரு வாளி கொண்டாந்து வச்சேன். நல்லா தின்னுச்சு சார்."

"நீங்களா?" என்றாள் அவள். "நீங்க தொழுவத்துக்கே போக மாட்டியளே."

"நீ கிளாசுக்குப் போன பொறவு போவேன். லோடுல மிஞ்சுத பழம் ரெண்டு குடுப்பேன். என் வண்டிச் சத்தம் கேட்டாலே கனைக்கும்." வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான். "ரொம்ப நாளாவே குடுக்கேன். ஒன்கிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துது."

அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் பவுனு மறுபடி முழங்காலை மடக்கியது. "நடத்துங்க, நடத்துங்க" என்றார் டாக்டர். கோபத்துக்கு அப்போது இடமில்லை.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் சொல்லச் சொல்ல மூக்கு வழியாக நீளக் குழாயைச் செலுத்தினார். குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் எல்லாம் முடிந்தது. காளீஸ்வரி பவுனின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குழாய் சரியாக இறங்கியது. பாரஃபின் எண்ணெயும் தண்ணீருமாக ஊற்றி முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிறகு காத்திருந்தார்கள். வாய்க்கால் கரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடத்தினாள். ஸ்கூலிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. எட்டரை, ஒன்பது. வால் அசையும்போதெல்லாம் நாலு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. ஒன்பதரைக்கு டாக்டர் மறுபடி துடிப்பை எண்ணினார்.

"அறுபத்து நாலு. ஊசி போட்டும் ஏறுது. இனி என்னால ஆகாதும்மா. திருநெல்வேலிக்குக் கொண்டு போகணும். அங்க கால்நடைக் கல்லூரியில காட்டணும். இப்பவே."

பவுனு தன் வாழ்நாளில் வண்டி ஏறியதோ என்னவோ, அவளுக்குத் தெரியாது. அவளிடம் வந்தபிறகு ஏறியதில்லை. போன வருஷம் ஒருதடவை பாண்டிராஜின் வண்டியில் ஏற்றிப் பழக்கிப் பார்த்தாள். பலகையில் கால் வைத்ததும் அது பின்னங்காலில் எழும்பி நின்றுவிட்டது. அத்தோடு விட்டுவிட்டாள்.

பாண்டிராஜ் வண்டியை எடுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினான். தளம் இடுப்புயரத்தில் இருந்தது.

"இங்கன வேண்டாம்" என்றாள் காளீஸ்வரி. அவள் குரல் மாறியிருந்தது. ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுகிற குரல் அது. "வாய்க்கா மேட்டுக்கு ரிவர்ஸ் எடுங்க. மேடும் தளமும் சமமா வரும். மெதுவா. எடது கண்ணாடியப் பாருங்க. இன்னும் ரெண்டடி. ஒடிக்காதீங்க, நேரா வாங்க. நிறுத்துங்க."

மேட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. குற்றாலிங்கம் அண்ணாச்சி கொடைப் பந்தலிலிருந்து இரண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். குளம்பு பட்டுப் பலகை சத்தம் போடக் கூடாதென்று அவள் மேலே வைக்கோலைப் பரப்பினாள்.

பவுனு பலகை முன்னால் வந்து நின்றது. மூக்கை நீட்டி முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. காது பின்னால் போனது. "பின்னாலருந்து ஒரு அடி போட்டா ஏறிரும்" என்றார் அண்ணாச்சி. "யாரும் தொடாதீங்க" என்றாள். அது மறுபடி கால் வைத்தது. மறுபடி எடுத்தது. வலியில் உடம்பு ஒருதரம் குலுங்கியது. படுத்துவிட்டால் அந்த மேட்டிலிருந்து வாய்க்காலுக்குள்தான் உருளும்.

"நா உள்ள போய் நிக்கட்டுமா?" என்று பாண்டிராஜ் கேட்டான். அவளைப் பார்த்து அன்று அவன் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

அவள் தலையசைத்தாள். அவன் தளத்தின் உள்கோடியில் போய் நின்று, "பவுனு, இந்தா" என்று வெறுங்கையை நீட்டினான். தன்னிடம் பேசும்போது இல்லாத குழைவு ஒன்று அந்தக் குரலில் இருந்ததைக் காளீஸ்வரி கேட்டாள். பவுனு காதை முன்னால் திருப்பியது. அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தது. பிறகு ஒரே மூச்சில் நாலு காலையும் வைத்து உள்ளே போய்விட்டது.

பாண்டிராஜ் ஓட்ட, அவள் பின்னால் குதிரையோடு நின்றுகொண்டாள். அது விழுந்தால் அவள் நசுங்குவாள் என்று டாக்டர் சொன்னார். "அதனால நான் விழ விட மாட்டேன் சார்" என்றாள். அது சும்மா சொன்னதுதான். அரை டன் கனத்தை யார் பிடித்து நிறுத்த முடியும்?

தென்காசி தாண்டியது. பவுனு கம்பியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடுங்கியபடி நின்றது. அவள் இரண்டு விரலைத் தாடைக்கடியில் வைத்தே இருந்தாள். எண்ணுவதும், விட்டுப்போவதும், மறுபடி எண்ணுவதுமாக வந்தாள். பாவூர்சத்திரம் தாண்டி ஓரிடத்தில் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டி குழியில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பவுனு முனகியது. மெதுவாகப் போகச் சொல்லிக் கேபினைத் தட்ட அவள் கையை ஓங்கினாள். அப்போது பவுனின் வயிற்றுக்குள்ளிருந்து தூரத்து இடி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அவள் ஓங்கிய கையை இறக்கவில்லை. காதை விலாவில் வைத்தாள். இன்னொரு சத்தம். பவுனு பின்னங்காலை அகட்டியது. வாலைத் தூக்கியது. முதலில் காற்று, பிறகு எண்ணெய் மினுங்கும் நாலைந்து கெட்டி உருண்டை, அதன்மேல் சோற்றுப்பருக்கை தெரிகிற ஒரு பெருங்குவியல்.

அவள் கேபினைப் படபடவென்று தட்டினாள். வண்டி ஓரம் கட்டியது. பாண்டிராஜ் கதவைக்கூட மூடாமல் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது, வேறு எதையோ எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் கீழே காட்டினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துடிப்பு ஐம்பதுக்கு வந்திருந்தது. போனில் டாக்டர், "இருந்தாலும் போய்க் காட்டிருங்க" என்றார். காட்டினார்கள். நாலு மணிவரை வைத்திருந்து, மூக்குக் குழாய் வழியாக இன்னொரு தடவை எண்ணெய் விட்டு, இரண்டு நாளைக்குத் தானியம் கூடாதென்று அனுப்பிவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது தெருமுனையில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி உள்ளே போகாது. மெயின் ரோட்டிலேயே ஒரு மேடு பார்த்துப் பவுனை இறக்கினாள். அருவிக்குப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. காளீஸ்வரி கயிற்றைத் தளரப் பிடித்து முன்னால் நடந்தாள். பாண்டிராஜ் வேன்கள் வருகிற பக்கமாக, ஒரு கையை நீட்டி அவற்றை ஒதுக்கிவிட்டுக்கொண்டே கூட நடந்தான்.

"எம்மேல கோவமா?" என்றான் பாதி வழியில்.

"ஆமா."

அவன் ஒரு வேனை ஒதுக்கிவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு அந்தக் குளம்பு சுத்தம் செய்யுதது எப்பிடின்னு காட்டித் தா" என்றான்.

கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, வேன்கள் வருகிற பக்கத்துக்கு அவள் மாறி நடந்தாள்.